ஒளிபரப்பிய கொலையும் ஒளித்துவைத்த கொலையும்

2018 செப்டம்பர் 14. தெலங்கானாவின் மிர்யாலகுடாவில் ஒரு மருத்துவமனை வாசலில், கர்ப்பிணி மனைவியின் கண்முன்னே பிரணய் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சிசிடிவியில் பதிவான அந்தக் காட்சி எல்லாச் சேனல்களிலும் ஓடியது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 19 அன்று, ஐதராபாத் எர்ரகட்டாவில் பட்டப்பகலில் ஒரு தகப்பன், தலித் இளைஞரை மணந்த தன் மகளையும் மருமகனையும் நடுரோட்டில் வெட்டினான். நல்லவேளை, இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த சிசிடிவி காட்சியும் சேனல்களில் ஓடியது.

செய்தியைப் பார்த்துத்தான் அவன் ஆயுதம் எடுத்தான் என்று நம்மால் நிரூபிக்க முடியாது. அவனுடைய வெறி சாதி கொடுத்தது, சேனல் கொடுத்ததல்ல. ஆனால் எந்த இடத்தில், எப்படிச் செய்யலாம், செய்தால் ஊர் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்பதை அந்த ஐந்து நாளும் தொலைக்காட்சி விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.

இப்படிச் சொன்னால் "பத்திரிகையைக் குறை சொல்கிறீர்களா?" என்பார்கள். வியன்னாவில் சுரங்க ரயில் முன் பாய்ந்து சாவோர் எண்ணிக்கை 1980களில் கூடிக்கொண்டே போனது. 1987இல் அங்குள்ள நாளேடுகள் எழுதும் முறையை மாற்றிக்கொண்டன. அதன் பிறகு அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அமெரிக்காவில் ஒரு பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தால், அடுத்த சுமார் 13 நாட்களுக்கு இன்னொன்று நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அறிவித்தார்.

இங்கே நிலைமை தலைகீழ். கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட கவுண்டர் சாதி அமைப்பின் தலைவர் யுவராஜ், 2015இல் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் கூடியது. கொல்லப்பட்ட பொறியியல் மாணவனின் தாய் நீதிமன்றப் படியேறிய ஆண்டுகளில் இத்தனை கேமராக்கள் வந்தனவா? 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தத் தீர்ப்பு ஒருநாள் செய்தி. தலைமறைவு நாட்களோ மாதக்கணக்கில் ஓடிய தொடர்.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. சங்கரும் கவுசல்யாவும் வெட்டப்பட்ட சிசிடிவி காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. அது நீதிமன்றத்துக்கு வேண்டிய சாட்சியம், மறுப்பில்லை. ஆனால் நம் கைபேசிக்கு அது எதற்கு? அதைப் பார்த்து அரிவாள் தூக்குகிறவன் ஆயிரத்தில் ஒருவனாக இருக்கலாம். மற்ற வீடுகளில் அது வேறொரு வேலை செய்கிறது. "பார்த்தியா, உனக்கும் இதுதான்" என்று மகளிடம் காட்ட ஒரு தகப்பனுக்கு அந்தக் காட்சி போதும், அவன் கையில் அரிவாளே வேண்டாம். இந்த மிரட்டல் எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாவதில்லை.

அப்படியானால் செய்தியே போடக்கூடாதா? அதைத்தானே சாதி கேட்கிறது! நான் எழுதுவது திருவையாற்றிலிருந்து. 2024 ஜனவரிக் கடைசியில் தியாகராஜர் ஆராதனைக்கு வழக்கம்போல் கேமராக்கள் வந்து இறங்கின. அதே மாதத் தொடக்கத்தில், இதே தஞ்சை மாவட்டத்தில், பட்டுக்கோட்டைப் பக்கம் தலித் இளைஞரை மணந்த 19 வயதுக் கள்ளர் சாதிப் பெண் ஒருவர் கொன்று எரிக்கப்பட்டார். இதற்கு சிசிடிவி கிடையாது. ஊரும் வாய் திறக்கவில்லை. கணவர் புகார் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, பெற்றோர் கைதானார்கள். காவிரி டெல்டாவுக்கு இந்த மௌனம் பழக்கமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்ததையே ஏதோ கூலித் தகராறு, இரு தரப்பு மோதல் என்று எழுதிக் கடந்தவர்கள் இருந்தார்கள். இன்றும் 'முன்விரோதம்', 'காதல் விவகாரம்', 'மாற்று சமூக வாலிபர்' என்றே எழுதுகிறார்கள். சாதியின் பெயரை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

பட்டுக்கோட்டைப் பெண்ணைத் திருப்பூர் மாவட்டம் பல்லடம் போலீசார்தான் குடும்பத்தோடு அனுப்பி வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். ஒரு வயதுவந்த பெண்ணை எந்தச் சட்டத்தின்படி ஒப்படைத்தீர்கள் என்ற கேள்வியை ஒரு வாரம் விவாதித்திருந்தால், அடுத்த ஊர்க் காவல் நிலையம் கொஞ்சம் பயந்திருக்கும். சாதி கடந்து மணப்போரைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அதன் தொலைபேசி எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணைத் திரையின் அடியில் ஓட்டுவதற்கு எந்தச் சேனலுக்கும் செலவில்லை.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டபோது சேனல்களுக்கு முன்னால் இன்ஸ்டாகிராம் ஓடியது. கைதானவரைப் புகழ்ந்து சாதிப் பெருமைப் பதிவுகள் வந்தன. அவற்றைக் கண்டிப்பதற்காகப் பகிர்ந்தவர்களில் நம் தோழர்களும் உண்டு. கண்டனமோ பாராட்டோ, பார்வை எண்ணிக்கை ஒன்றுதான். கொன்றவன் முகத்தை நாம் ஏன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்? வீடியோ வந்தால் அழியுங்கள். வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, சாட்சிகளை யார் மிரட்டுகிறார்கள் என்பதைத் தேடி அதைப் பரப்புங்கள்.