முற்ற விடாத மூலிகை

மே மாதம் பிறந்தால் உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில் தார்ச்சுலா, முன்சியாரி பகுதி மலைக் கிராமங்கள் வெறிச்சோடத் தொடங்கிவிடும். 3,500 மீட்டருக்கும் மேலே, பனி உருகும் புல்வெளிகளில் கூடாரம் அடித்து, முழங்காலும் முழங்கையும் மண்ணில் பட ஊர்ந்து தேடுகிறார்கள் ஊர்மக்கள். தேடுவது, புல்லுக்கு நடுவே ஓரிரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்புக் குச்சியை. உள்ளூரில் அதன் பெயர் கீடா ஜடி, அதாவது புழு மூலிகை. திபெத்தியர்களுக்கு அது யார்ட்சா குன்பு: கோடையில் புல், குளிரில் புழு.

உண்மையில் அது புல்லும் அல்ல, மூலிகைச் செடியும் அல்ல. மண்ணுக்கடியில் வேர்களைத் தின்று வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவைத் தாக்கும் பூஞ்சை. புழுவின் உடலுக்குள் புகுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்று தீர்த்து, தோலை மட்டும் உறைபோல மிச்சம் வைக்கிறது. பனிக்காலம் முடிந்ததும் செத்த புழுவின் தலையிலிருந்து காளான் தண்டு கிளம்புகிறது.

இதற்குப் பெயர் வைத்த கதையும் நீளமானது. சீனச் சரக்காக ஐரோப்பாவுக்குப் போனதை 1843-இல் விவரித்துப் பெயரிட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1878-இல் இத்தாலியரான சக்கார்டோ அதை கார்டிசெப்ஸ் இனத்தில் சேர்த்தார். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2007-இல் அது ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் ஆனது. ஆனால் கடைகளில் பழைய பெயருக்குத்தான் மவுசு. கார்டிசெப்ஸ் என்று புட்டியில் விற்கப்படுபவற்றில் பல, பண்ணையில் எளிதாக வளரும் ஆரஞ்சு நிற உறவுக்காளான் ஒன்றிலிருந்து தயாரானவை. இமயமலைப் புழுவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

1993-இல் சீன ஓட்ட வீராங்கனைகள் உலக சாதனைகளைத் தகர்த்தபோது, இந்தப் பூஞ்சைதான் காரணம் என்றார் பயிற்சியாளர். ஊக்கமருந்துச் சந்தேகம் எழுந்தது. பூஞ்சையின் புகழோ குறையவில்லை. கிலோ பல லட்சம் ரூபாய் என்று விலை ஏறியதும் போலிகளும் வந்தன. மாவை அச்சில் வார்த்த புழுக்கள், எடை கூட்ட உள்ளே செருகிய கம்பிகள். அசலில் புழுவுக்கு எட்டு ஜோடிக் கால்கள் உண்டு. நடுவிலுள்ள நான்கு ஜோடி பளிச்சென்று தெரியும். தண்டு தலையிலிருந்துதான் கிளம்பும். அசலே ஆனாலும் ஆபத்து இல்லாமல் இல்லை: ஆர்சனிக் அளவு அதிகம் என்று 2016-இல் சீன அரசே எச்சரித்தது. ஆண்மை பெருகும், நோய் தீரும் என்ற பேச்சுக்குப் போதிய மருத்துவச் சான்றும் இல்லை.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. விஞ்ஞானி நுண்ணோக்கியில் தேடுவது முற்றிய தண்டை. அதன் மேற்பகுதியில் பொதிந்திருக்கும் வித்துப் பைகளையும், அவற்றுக்குள் நூல்போல நீண்டிருக்கும் வித்துக்களையும் பார்த்துத்தான் பூஞ்சையின் இனம் பிரிப்பது மரபு. வியாபாரி கேட்பதோ நேர் எதிரானது. புழு கெட்டியாக இருக்க வேண்டும், தண்டு குட்டையாக இருக்க வேண்டும். தண்டு முற்றி வித்து விட்டால் புழு கூடாகிவிடும், விலை சரிந்துவிடும். ஆகவே வித்துத் தூவும் முன்பே பெரும்பாலானவை பிடுங்கப்படுகின்றன. அடுத்த தலைமுறைப் புழுக்களைத் தொற்றுவதற்கான வித்து மண்ணுக்குத் திரும்புவதில்லை.

அளவுக்கு மீறிய சேகரிப்பும் பருவநிலை மாற்றமும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்து வருவதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

தடை போடுவது சுலபம். ஆனால் இந்தச் சில வாரங்களில் கிடைக்கும் பணம்தான் பல குடும்பங்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி. சேகரிப்புப் பருவத்தைக் கொஞ்சம் முன்னதாக முடித்துக்கொள்வதே வழி என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடைசி வாரங்களில் கிடைப்பது முற்றியது, விலை குறைந்தது. விட்டுவிட்டால் நஷ்டம் சொற்பம். மண்ணில் விழும் வித்துதான் அடுத்த ஆண்டுகளின் கூலி. எல்லாக் கிராமமும் ஒரே நாளில் மலையை விட்டு இறங்கச் சம்மதித்தால் மட்டுமே இது நடக்கும். ஒரு கூடாரம் மேலே தங்கிவிட்டாலும் மற்றவர்கள் விட்டு வந்தது அதன் பைக்குள் போய்விடும்.