மிச்சம் நூறு வெள்ளி

"மாமா, 1,500 வெள்ளி சேர்த்துட்டேன். 1,400க்குத் தர்றேன்னு சொல்றார். வாங்கிடவா?"

போன ஞாயிற்றுக்கிழமை சுவா சூ காங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சோற்றில் கை வைக்கும் முன்பே அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறான். விடுமுறை முழுவதும் விரைவு உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. திரையில் தெரிந்தது யாரோ ஓட்டிப் பழகிய ஒரு மவுண்டன் பைக். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் அதிர்வுதாங்கி. பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

"மிச்ச நூறு வெள்ளியில என்ன வாங்குவே?"

"ஹெல்மெட். முப்பது வெள்ளிக்கே கிடைக்குது மாமா."

என் கை தானாக மோவாய்க்குப் போனது. நான்கு தையல் போட்ட தழும்பு அங்கே இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். கையிலிருந்த பணம் முழுவதையும் வண்டியில் போட்டுவிட்டு, வீட்டில் கிடந்த பழைய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புலாவ் உபினுக்குப் படகேறினேன். அங்கே கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா 2008ல் திறக்கப்பட்டது. பழைய கல்லுடைப்புக் குழியைச் சுற்றி ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குப் பாதைகள். நீலச் சதுரம் போட்டிருந்தால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் மிகக் கடினம். அந்தப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேனே தவிர, அதைப் படிக்கவில்லை.

முந்தின நாள் மழை. ஒரு வளைவில் ஈரமான மரவேர்மீது முன் சக்கரம் ஏறியது. பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. உள்ளங்கை முழுக்கச் சரளை, முழங்கால் கிழிந்தது, மோவாய் பிளந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும் என்பதால், உடன் வந்த நண்பர் முழுப் படகுக்கும் காசு கொடுத்து என்னைச் சாங்கிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பத்து நாள் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. வாயைத் திறந்தால்தான் எனக்குச் சம்பளம்!

சாப்பாடு முடிந்ததும் ஒரு தாள் எடுத்து, அவனுடைய 1,500ஐ மேலே எழுதினேன். வண்டியைக் கடைசியில் எழுதச் சொன்னேன்.

முதலில் தலைக்கவசம், 130 வெள்ளி. பின்னந்தலையும் நெற்றிப்பொட்டும் நன்றாக மூடும்படி இறங்கியிருக்கும் மவுண்டன் பைக் வகை வேண்டும். உள்ளே இஎன் 1078 போன்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'மிப்ஸ்' என்று மஞ்சள் வில்லை ஒட்டியிருந்தால், உள்ளே கொஞ்சம் நகரக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது என்று பொருள். தலை சாய்வாக அடிபடும்போது ஏற்படும் திருகலைக் குறைப்பதற்காகச் சுவீடனில் உருவான ஏற்பாடு அது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, மோவாய் வாருக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு. வாரைப் போடாமல் தலையை ஆட்டிப் பார்த்தால் அது தனியே ஆடக்கூடாது. இன்னொன்று, தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நான் விழுந்த பிறகு என்னுடையது வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருந்தது. உள்ளே விரிசல்.

இது தலையைத்தான் காக்கும். என் மோவாயைக் காத்திருக்க வேண்டுமானால் முகம் முழுவதையும் மூடும் வகை வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு மேடேறுவது கொடுமை. செங்குத்தான இறக்கங்களுக்கும் தாவல்களுக்கும் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

முழங்கால் காப்பு, 90. சாதாரண நேரத்தில் மென்மையாக வளைந்து, அடிபடும் கணத்தில் இறுகும் பொருளால் செய்தவை இப்போது கிடைக்கின்றன. தொடையின் சுற்றளவை அளந்து வாங்க வேண்டும். கடையிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, கீழ்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். நழுவினால் விழும்போதும் நழுவும். விரல்களை முழுதாக மூடும் கையுறை 35, கண்ணாடி 25. தாழ்ந்த கிளைகளுக்கும் தெறிக்கும் சேற்றுக்கும் கண்ணாடி இல்லாமல் முடியாது. உதிரி டியூப், பம்ப், கருவிகளுக்கு 60.

மொத்தம் 340. மிச்சம் 1,160. பையன் முகம் சுருங்கிவிட்டது.

அந்தப் பணத்தில் முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள 'ஹார்ட்டெய்ல்' ஒன்று புதிதாகவே கிடைக்கும். பழைய வண்டியின் பின் அதிர்வுதாங்கியைப் பிரித்துப் பழுதுபார்க்க, மூட்டுகளில் தேய்ந்த பேரிங்குகளை மாற்ற என்று போனால் செலவு நூறு நூறாக ஏறும். சட்டத்தின் ஒட்டுகளில் மயிரிழை விரிசல் இருந்தால் படத்தில் தெரியாது. தொடக்கத்தில் 100 முதல் 120 மில்லிமீட்டர் அமுங்கும் முன் ஃபோர்க் போதும். பணம் போகவேண்டிய இடங்கள் பிரேக்கும் டயரும்தான். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கை ஒரே விரலால் பிடிக்கலாம், மற்ற விரல்கள் பிடியை விடாது. எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். டயர் அகலமாக, முன்னால் நல்ல பல்லோடு இருக்கட்டும். நான் விழுந்த அன்று என் டயரில் 50 பிஎஸ்ஐ காற்று. 30க்குப் பக்கத்தில் இருந்திருந்தால் டயர் அந்த வேரைக் கொஞ்சமாவது கவ்வியிருக்கும்.

அளவு விஷயத்தில் இணையத்தை நம்பவேண்டாம். சட்டத்தின் இருபுறமும் காலூன்றி நின்றால் கம்பிக்கு மேலே இடைவெளி இருக்க வேண்டும். மீடியம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இடையில் பெருவிரைவு ரயிலில் கொண்டுபோகலாமா என்று கேட்டான். மடிக்கும் சைக்கிளுக்குத்தான் அங்கே அனுமதி. ஓட்டிக்கொண்டுதான் போகவேண்டும், சாலையில் தலைக்கவசம் சட்டப்படியே கட்டாயம். வீட்டுக்கு வெளியே நிறுத்தினால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பூந்தொட்டிகள் ஏற்கெனவே அதில் பாதியைப் பிடித்திருக்கின்றன.

இத்தனையையும் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதெல்லாம் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதாடா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆகலாம்க்கா" என்றேன். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியலாம், தோளில் விழுந்தால் காறை எலும்பு முறியலாம். நான் சொன்ன காப்புகள் எதுவும் அதைத் தடுக்காது. ஓட்ட முடியாத இறக்கத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் பாதி ஆபத்து குறையும். அதற்கு வெட்கப்படாமல் இருக்கவேண்டும். பதினேழு வயதில் அது கஷ்டம். எனக்கு முப்பதைத் தாண்டியும் வரவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். தனியாகப் போகக்கூடாது. மழை பெய்த மறுநாள் கூடாது. உபின் இந்த ஆண்டு கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் எளிய பாதை மட்டும். 81 ஹெக்டர் பூங்கா அது. நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதை இருப்பதால் யார்மீதும் மோதும் பயம் குறைவு. முதல் மூன்று மாதம் மாமாவும் கூடப் போகவேண்டும். இது எனக்குப் போட்ட தண்டனை.

எழுந்து போய்க் கைப்பையிலிருந்து 90 வெள்ளி எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"முழங்காலுக்கு நான் தர்றேன்."

பையன் தாளை இழுத்து 1,160ஐ அடித்துவிட்டு 1,250 என்று எழுதினான். எழுதிய கையோடு கைப்பேசியை எடுத்து, 1,400 வெள்ளிக்காரர் விலையைக் குறைப்பாரா என்று செய்தி தட்ட ஆரம்பித்தான்.