பழைய வர்ணத்தைச் சுரண்டுமுன்...

வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அரசியலும் போரும் சமாதானப் பேச்சுவார்த்தைகளுமாக எழுதியே காலங்கழித்த ஒருவனுக்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்றும் சிலர் கேட்கலாம். ஆனால், கடந்த ஆண்டு எனது வீட்டில் நான்கைந்து நாட்கள் நடந்த ஒரு வேலை, இத்தனை காலமும் நான் கவனியாதிருந்த ஒன்றை எனக்கு உணர்த்தியது. அதை எழுதாமல் விடுவது முறையல்ல.

யாழ்ப்பாணத்தில் உள்ள எமது வீடு எனது தந்தையார் 1960களில் கட்டியது. அக்காலத்தில் சுவர்களுக்குச் சுண்ணாம்புதான். ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலுக்கு முன்னர் வெள்ளையடிப்பது வழக்கம். 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்த பின்னர் கடைகளில் வர்ணத் தகரங்கள் நிறைந்தன. எனது தந்தையாரும் குசினிக்கும் விறாந்தைக்கும் பிள்ளைகள் படுத்த அறைக்கும் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு இளம்பச்சை எனாமல் பூசுவித்தார். அழுக்குப் பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்பதில் அவருக்குப் பெருமை. 1995 இடப்பெயர்வின்போது பூட்டிவிட்டுச் சென்ற வீட்டுக்கு நாம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. ஆனால், அந்தப் பச்சை மட்டும் அப்படியே இருந்தது.

கனடாவில் வாழும் எனது மகள் கணவருடனும் இரண்டு வயதுக் குழந்தையுடனும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக அறிவித்ததும், வீட்டைப் புதுப்பிக்க எண்ணினேன். எனாமலின் மினுக்கம் இப்போது எவருக்கும் பிடிப்பதில்லை. மணமும் குறைவு, விரைவில் காய்ந்தும் விடும் என்பதால் நீரில் கரையும் இமல்ஷன் வர்ணத்தையே எல்லோரும் விரும்புகிறார்கள். நானும் அதையே தெரிவு செய்தேன்.

எண்ணெய் வர்ணத்தின் மேல் நீர் வர்ணத்தை நேரடியாகப் பூசினால் அது நிலைக்காது. எனாமல் காய்ந்த பின்னர் கண்ணாடி போல வழுவழுப்பான, நீரை ஏற்காத ஒரு படலமாகி விடுகிறது. அதன் மேல் பூசப்படும் இமல்ஷனுக்குப் பற்றிக்கொள்ள இடம் இல்லை. சில மாதங்களில் தோல் உரிவது போலக் கழன்று வரும். ஆகவே, பழைய மினுக்கத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்குரிய அடிப்பூச்சைப் பூசிய பின்னரே புதிய வர்ணத்தைப் பூச வேண்டும். வர்ணம் பூச வந்தவர் அனுபவசாலி. அவருக்கு இது நன்கு தெரிந்திருந்தது. முதல் நாளே பிள்ளைகளின் அறையில் சாண்ட் பேப்பரால் உலரத் தேய்க்கத் தொடங்கினார். மாலையில் அறை முழுவதும் பச்சை கலந்த வெண்தூள். அவருடைய புருவங்களிலும் அதுவே. அந்தக் கோலத்திலேயே அமர்ந்து தேநீர் அருந்தினார்.

அன்றிரவு தொலைபேசியில் மகளிடம் வேலை தொடங்கிய செய்தியை மகிழ்ச்சியுடன் சொன்னேன். அவள் மகிழவில்லை.

"அப்பா, பழைய பெயின்ற்றையே தேய்க்கிறியள்? அதுக்குள்ள ஈயம் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் நிறத்தைக் கேட்டேன், விலையைக் கேட்டேன், எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டேன். அடியில் இருப்பது என்ன என்று எவரிடமும் கேட்கவில்லை.

எனாமல் போன்ற எண்ணெய் வர்ணங்களில் ஈயச் சேர்மங்கள் நீண்ட காலமாகச் சேர்க்கப்பட்டு வந்தன. பளிச்சிடும் மஞ்சள், செம்மஞ்சள், பச்சை போன்ற நிறங்களைப் பெறுவதற்கும், வர்ணம் விரைவாகக் காய்வதற்கும் அவை பயன்பட்டன. சுவரில் உறுதியாக ஒட்டியிருக்கும் வரை அதனால் பெருந்தீங்கு இல்லை. உரியும்போதும் தேய்க்கும்போதும்தான் ஆபத்து தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத தூள் தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகிறது. உடலுக்குள் செல்லும் ஈயத்தை வளர்ந்தவர்களை விட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. எலும்பில் பல்லாண்டுகள் தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் கலந்து வயிற்றிலுள்ள குழந்தையையும் அடைகிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையுமல்ல. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண் மருத்துவராக இருந்த ஜோன் லொக்ஹார்ட் கிப்சன், தம்மிடம் வந்த குழந்தைகளின் ஈய நச்சுக்குக் காரணம் வீட்டுச் சுவர்களிலும் விறாந்தைக் கைப்பிடிகளிலும் பூசப்பட்ட வர்ணமே என்று 1904 இல் எழுதினார். வீடுகளின் உட்புறத்தில் ஈயவெள்ளையைப் பூசுவதைக் கட்டுப்படுத்தும் சமவாயத்தைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921 இல் நிறைவேற்றியது. அமெரிக்கா வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 1978 இல் தடை செய்தது. எனது தந்தையார் எமது சுவருக்கு எனாமல் பூசுவித்த காலமும் ஏறத்தாழ அதுவே. இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2011 இல் வெளியிட்ட ஒழுங்குவிதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இமல்ஷனுக்கு மில்லியனில் 90 பங்கும் எனாமலுக்கு 600 பங்கும் உச்ச எல்லை என அப்போது விதிக்கப்பட்டது. சட்டம் புதிய தகரத்தைத்தான் கட்டுப்படுத்தும். அதற்கு முன்னர் பூசப்பட்டுச் சுவரிலேயே இருக்கும் வர்ணத்தை அது ஒன்றும் செய்யாது.

ஈயம் எனக்குப் புதியதல்ல. நான் பத்திரிகைத்துறையில் காலடி எடுத்து வைத்தபோது செய்திகள் ஈய எழுத்துகளிலேயே கோக்கப்பட்டன. ஈயமும் அன்ரிமனியும் வெள்ளீயமும் கலந்த அந்த எழுத்துகளை நாள் முழுவதும் பொறுக்கிய அச்சுக்கோப்பாளர்களின் விரல்கள் கறுத்திருக்கும். கை கழுவாமல் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தால் மூத்தவர் ஒருவர் அதட்டுவார். காரணத்தை அவர் விளக்கியதில்லை. ஆனால், அதட்டத் தவறியதும் இல்லை. அந்த அதட்டலை நேரில் கேட்டு வளர்ந்த நான், எனது வீட்டில் புருவம் வெளுக்கத் தூளோடு தேநீர் அருந்திய மனிதரைக் கண்டும் பேசாதிருந்தேன். இதுவே என்னை மிகவும் உறுத்தியது.

மறுநாள் காலை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "முப்பது வருசமாத் தேய்க்கிறன் ஐயா. எனக்கு என்ன நடந்தது?" என்றார். "உமக்கு வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினமோ, தம்பி?" என்று கேட்டேன். மகளுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்க இருக்கிறது என்றார். தூள் படிந்த சேட்டுடன்தான் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குப் போகிறார். அதன் பின்னர் அவர் சிரிக்கவில்லை.

எமது சுவரில் ஈயம் இருந்ததா என்பது சோதிக்காமல் தெரியாது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதிக்க வழியில்லாதபோது, இருக்கிறது என்று எண்ணிச் செயற்படுவதே அறிவு. அப்படிச் செயற்படுவதற்குப் பெருஞ்செலவும் இல்லை. பழைய பூச்சு உறுதியாக இருந்தால் அதை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. சலவைத் தூள் கரைத்த நீரால் கழுவி, நீர் தெளித்து, நீர் தாங்கும் சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்து மினுக்கத்தைப் போக்கினால் போதும். ஈரத்தில் தூள் பறப்பதில்லை. உரிந்த இடங்களை மட்டும் ஈரமாக்கிச் சுரண்டலாம். இயந்திரத்தால் தேய்ப்பதும் நெருப்பால் சுடுவதும் கூடவே கூடாது. தளபாடங்களை வெளியேற்றி, தரையில் பொலித்தீன் விரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் உலர்ந்த தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சுரண்டியதைக் கிணற்றடியிலோ மரத்தடியிலோ கொட்டாமல் பையில் கட்டி அகற்ற வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கலாகாது. வேலை செய்பவருக்கு நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். கை கழுவிய பின்னரே அவர் உண்ண வேண்டும். உடை மாற்றிய பின்னரே வீடு செல்ல வேண்டும். எமது வீட்டில் எஞ்சிய அறைகள் இவ்வாறே நடந்தேறின. இரண்டு நாள் கூலி கூடியது. அவ்வளவே.

பெரிய வசதி எதையும் நான் கேட்கவில்லை. பழைய எனாமலின் மேல் பூசுவதற்கென்று இமல்ஷன் வாங்க வருபவரிடம், உலரத் தேய்க்க வேண்டாம் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லலாம். தகரத்தில் அதே வார்த்தையைத் தமிழிலும் சிங்களத்திலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடலாம். தொழிற்பயிற்சி நிலையங்கள் தூரிகை பிடிக்கக் கற்பிப்பதோடு இதையும் கற்பிக்கலாம். அமெரிக்காவில் 1978 க்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளில் கூலிக்கு இவ்வேலை செய்பவர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2010 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த அளவுக்கு நாம் போக நாளாகலாம். நீர் தெளிப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பூட்டிக்கிடக்கும் வீட்டைத் திருத்தப் பணம் அனுப்புகிறீர்கள். நிறத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிவு செய்கிறீர்கள். நீங்கள் வாழும் நாட்டில் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கருதும் தூளை, ஊரில் ஒரு கூலித் தொழிலாளி உங்களுக்காகச் சுவாசிக்கிறார். பணம் அனுப்பும்போது இந்த ஒரு நிபந்தனையையும் சேர்த்து அனுப்புங்கள்.

மகள் குடும்பத்துடன் வந்து மூன்று கிழமைகள் தங்கிச் சென்றாள். பேத்தி புதிய வெள்ளைச் சுவரில் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அதை அழிக்க எனக்கு மனமில்லை. வர்ணம் பூசியவருக்கும் பேரன் பிறந்திருக்கிறான். அண்மையில் சந்தையில் கண்டபோது, இப்போது எந்த வீட்டிலும் தண்ணீர் வாளி இல்லாமல் தேய்ப்பதில்லை என்றார்.