கீபோர்டில் தமிழ் எழுத்து எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "கீபோர்டில் எல்லாமே ஆங்கில எழுத்தாக உள்ளதே, தமிழை எப்படி டைப் செய்வது?"

பலரும் சொல்லும் வழி, ஆங்கில ஒலியில் அடிப்பது. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு இது எளிதுதான். ஆனால் எங்கள் பர்லியாரில் சாலையோரம் பழக்கடை வைத்திருப்பவர், "மங்குஸ்தான் வந்துள்ளது" என்று ஒரு அறிவிப்பு அடிக்க ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டுமா?

தமிழுக்கென்றே அமைந்த கீபோர்டு உண்டு. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு. மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என நான்கு கீகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளி தானாகவே விழும். ஆங்கில ஒலி முறையில் ஐந்து கீகள் வேண்டும்.

விண்டோஸ் 11லும் தமிழ்99 உள்ளது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, கீபோர்டு பிரிவில் இதனைத் தேர்ந்தெடுக்கலாம். குறை என்னவென்றால், கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கீபோர்டுகளில் தமிழ் எழுத்துகள் அச்சிடப்படுவதில்லை. கேட்பவர் இல்லாவிட்டால் தயாரிப்பவரும் இருக்கமாட்டார்.

எனவே கீபோர்டு வாங்கும்போது தமிழ் எழுத்துள்ளதைக் கேளுங்கள். இல்லை என்றால் எழுத்து ஸ்டிக்கர்களையாவது ஒட்டிப் பழகுங்கள்.