ஜூடோவும் நூற்றாண்டு மலரும்

கராத்தே, ஜூடோ என்றால் நம் வயதுக்காரர்களுக்கு சினிமாச் சண்டைதான் ஞாபகம் வரும். ஆனால் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தொழிலால் ஒரு வாத்தியார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். குள்ளமான மனிதர். 1882-இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில், கொஞ்சம் சீடர்களோடு ஆரம்பித்தார். 1964-இல் அது ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டது.

ஜூடோவில் முதல் பாடம் அடிப்பது அல்ல, விழுவது. அடிபடாமல் விழத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். பயிற்சியில் வீழ்த்துகிறவர், விழுகிறவரின் சட்டைக் கையை விடாமல் பிடித்திருப்பார். தலை தரையில் மோதக்கூடாது என்பதற்காக. பிடி இறுகினால் மாட்டிக்கொண்டவர் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உடனே விட்டுவிட வேண்டும். இன்றைக்கு விழுபவர் பிழைத்திருந்தால்தானே நாளைக்கு நாம் பழக ஆள் கிடைக்கும்? தானும் பிறரும் சேர்ந்தே முன்னேறுவது என்பதைத்தான் கானோ தன் கலையின் நோக்கமாகச் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலர் வேலையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லாரும் ஒரு காலத்தில் யாரையாவது அதட்டி வேலை வாங்கியவர்கள். கேட்க வேண்டுமா! இரண்டு அமர்வுகள் ஒரே விஷயத்தில் போயின. நன்கொடையாளர் படங்களைத்தான் முதல் 30 பக்கத்தில் போட வேண்டும் என்று ஒருவர். கூடவே கூடாது என்று மூன்று பேர்.

கானோ ஒரு கணக்குச் சொல்வார். எதிராளிக்குப் பலம் 10, எனக்கு 7. எதிர்த்துத் தள்ளினால் தோற்பேன். அவர் தள்ளும் பக்கமே நான் நகர்ந்தால் அவர் நிலை தடுமாறி அவர் பலம் 3 ஆகிவிடும், என் 7 அப்படியே இருக்கும். மூன்றாம் அமர்வில் எங்களில் ஒரு அம்மா இதைத்தான் செய்தார், ஜூடோ என்ற பேரே கேள்விப்படாதவர். "சரிங்க, படம் போடுவோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவர் எந்த வருஷம் படிச்சார், எந்த வாத்தியார்கிட்ட அடி வாங்கினார்னு நாலு வரி நீங்களே கேட்டு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். பிடிவாதம் பிடித்தவர் இப்போது வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். மலரில் படிக்கிற மாதிரி இருப்பது அந்தப் பக்கங்கள்தான்.

விட்டுக்கொடுப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த அம்மா தலையாட்டவில்லை, திருப்பிவிட்டார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் விட்ட இடத்தைக் கடக்காரர் வாங்கிக்கொண்டு தன் வழியில் போவது மாதிரி. ஜூடோவிலும் உத்தியை ஏற்கிறவருக்கு 'உகே' என்று பெயர், வாங்கிக்கொள்பவர் என்று அர்த்தம். அவர் இல்லாமல் பயிற்சியே கிடையாது.

இன்னொரு சங்கதிதான் எனக்குக் கவலை. புலிக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் மறைத்துவைத்த கதை நமக்குத் தெரியும். நம் பக்கத்தில் வர்மம், வைத்தியம், சமையல் வரை அந்தப் பூனைப் புத்தி உண்டு. ஜப்பானிலும் பழைய குருகுலங்களில் ரகசிய ஓலைகள் இருந்தன. கானோ இரண்டு குருகுலங்களில் கற்றதைச் சேர்த்து, ஆபத்தான பிடிகளைப் பயிற்சிப் போட்டியிலிருந்து விலக்கி, எவரும் பழகலாம் என்று திறந்துவிட்டார்.

எங்கள் ஆறு பேரில் ஒருவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பள்ளிப் படங்கள். "என் பேர் போடுவீங்களா?" என்று கேட்கிறார், பெட்டியைத் திறக்க மாட்டேன் என்கிறார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்தப் படங்களில் நிற்பவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர் இன்று ஊரில் அவர் ஒருவர்தான்.

அவர் பெயரைப் பெரிய எழுத்திலேயே போடலாம் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே கூடுகிறோம். பெட்டி வெளியே வரவேண்டாம், செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.