வயிற்று வலியோடு ஓர் இரவைக் கடத்த வேண்டா

"காய்ச்சல் விட்டுவிட்டது, வயிறுதான் சற்று உப்பியிருக்கிறது" என்று பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் பெற்றோரைக் காணும்போது எங்களுக்கு அச்சமே மிகுகிறது. டைஃபாய்டு என்னும் குடற்காய்ச்சலில் உடல் வெப்பம் தணிவது எப்போதும் நற்செய்தி அன்று.

இந்நோயின் கிருமி சிறுகுடலின் கடைப்பகுதியிலுள்ள நிணநீர்த் திட்டுகளில் பெருகி, அவற்றைப் புண்ணாக்குகிறது. பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், சிலருக்கு அப்புண் குடற்சுவரைத் துளைத்துவிடும். மலமும் கிருமியும் வயிற்றறைக்குள் கசியும். வெப்பம் திடீரென இறங்கலாம், நாடியோ விரைந்தோடும். வயிறு பலகைபோல் இறுக, பிள்ளை அசைய அஞ்சிக் கிடக்கும். மலச்சிக்கல் என்றெண்ணி அப்போது விளக்கெண்ணெய் கொடுப்பதும், வலிக்கு ஓர் ஊசி போட்டு விடியட்டும் என்றிருப்பதும் தீங்கையே பெருக்கும்.

நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்கும் சேலத்துக்கும் நெடுஞ்சாலை செல்கிறது. 108 ஊர்தியும் உண்டு. சாலையில் கழியும் நேரத்தைவிட, வீட்டில் "கத்தி வைத்துவிடுவார்களோ" என்று தயங்கிக் கழிக்கும் நேரமே மிகுதி என்பது எங்கள் கருத்து.

மருந்தால் மட்டும் ஆறாதா என்று கேட்கிறார்கள். 1948இல் குளோராம்பெனிகால் பயன்பாட்டுக்கு வந்தபின் இக்காய்ச்சலால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது உண்மைதான். ஆனால் துளைபட்ட குடலை எம்மருந்தும் தைப்பதில்லை. முதலில் நரம்பு வழியே நீரும் மருந்தும் செலுத்திப் பிள்ளையைத் தேற்றுகிறோம்; இதைத் தாமதம் என்று கருத வேண்டா. பின்னர் வயிற்றைத் திறந்து கழுவி, துளையைத் தைக்கிறோம். துளைகள் பலவாயின் அப்பகுதியை நீக்கி இணைக்கிறோம். பிள்ளை மிகத் தளர்ந்திருந்தால் தையல் பிரியும் இடர் அதிகம். அப்போது குடலின் முனையை வயிற்றின் மேல் வெளிக்கொணர்ந்து பை பொருத்துகிறோம்.

பெற்றோர் கலங்குவது இங்கேதான். பெண் பிள்ளையாயின் "நாளை யார் கட்டிக்கொள்வார்?" என்ற கேள்வியும் எழுகிறது. அந்தக் குடல் வாய் தற்காலிகமானது. பிள்ளை தேறியபின், சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி மூடப்படும். அதுவரை பையைக் கவனிப்பது எளிதன்று. தோல் புண்ணாகும், நீரும் உப்பும் வெளியேறும், உப்பு சர்க்கரைக் கரைசல் கைவசம் இருக்க வேண்டும். எங்கள் பக்கமும் குறையுண்டு. ஒப்புதல் படிவத்தை நீட்டும் நொடியில்தான் பலமுறை இதை முதன்முதலாகச் சொல்கிறோம். காய்ச்சலுக்குப் படுக்கையில் சேர்க்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அறுவை அறைக்கு வெளியே நிற்கும் தாயின் அடுத்த கேள்வி, "சின்னவனுக்கும் வருமா?" என்பது. வரலாம்; வீட்டார் குடிக்கும் நீர் ஒன்றுதானே. தண்ணீர் என்றதும் நம் மாவட்டத்தார் ஃபுளோரைடையே நினைக்கிறோம். அதைக் கொதிக்க வைத்து நீக்க இயலாது. டைஃபாய்டுக் கிருமியோ கொதியில் மடியும். ஒகேனக்கல் திட்டத்தின் காவிரி நீரே குழாயில் வந்தாலும், தொட்டியிலும் குடத்திலும் மாசு சேரக்கூடும். கொதிக்க வைத்தே கொடுங்கள். 6 மாதம் நிறைந்த குழந்தைக்கும் போடக்கூடிய தடுப்பூசி ஹைதராபாத்தில் தயாராகிறது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அதைச் சேர்த்து, விலையின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.