ஐம்பதே போதும்

“என்ன கேமரா வாங்கலாம்?” ஆண்டிறுதி போனஸும் பள்ளி விடுமுறையும் நெருங்கும்போது இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்து விழும். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. வார நாள்களில் அலுவலகக் கணினியோடு மல்லுக்கட்டுபவன். ஆனால் உறவினர் கல்யாணங்களில் கழுத்தில் கேமராவோடு நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஆலோசகர் பதவி தானாகவே வந்துவிட்டது. என் பதிலும் மாறுவதில்லை: வீட்டில் இருக்கும் கேமராவே போதும், அதற்கு ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்குங்கள். எஃப் 1.8 என்று போட்டிருக்க வேண்டும்.

காரணம் எளிமையானது. கேமராவோடு பெட்டியில் சேர்ந்து வரும் 18-55 ஜூம் லென்ஸை 50 பக்கம் இழுத்தால், அதன் அப்பர்ச்சர் பெரும்பாலும் எஃப் 5.6தான். வெளிச்சம் நுழையும் துளை சுமார் 9 மி.மீ. அகலம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அதே துளை 28 மி.மீ.வரை திறக்கும். உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பது, பத்து மடங்கு. வீவக வீட்டு வரவேற்பறையில் இரவு ஒற்றைக் குழல்விளக்கில் ஓடும் பிள்ளையை ஜூம் லென்ஸில் விநாடியின் 15இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால், படத்தில் பிள்ளை புகைபோலத் தெரியும். இந்த லென்ஸில் அதே வெளிச்சத்துக்கு 125இல் ஒரு பங்கு கிடைக்கும். கண், பல், வாயோரத்துச் சோற்றுப் பருக்கை எல்லாம் தெளிவாக விழும். ‘வேகமான லென்ஸ்’ என்று இதைச் சொல்வது அதனால்தான்.

ஃபிளாஷ் இருக்கிறதே என்பார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் மாலை தீபாராதனையின்போது பக்கத்தில் ஒருவர் ஃபிளாஷ் அடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? விளக்கின் மஞ்சள் ஒளி செத்துப்போய், சந்நிதி அலுவலக மேசைபோல வெளுத்துவிடும். தைப்பூசத்தன்று விடியும் முன்பே பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு நோக்கிக் காவடிகள் கிளம்பிவிடும். அலகு குத்தி, வேண்டுதலில் நிற்பவர் முகத்தில் ஒளியைப் பாய்ச்ச எனக்கு மனம் வருவதில்லை. தெருவிளக்கு தரும் வெளிச்சம் போதும்.

இந்த 50 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ். அந்த ஃபிலிம் சட்டத்தின் மூலைக்கு மூலை நீளம் 43 மி.மீ. அதற்குப் பக்கத்தில் உள்ள லென்ஸ் எதையும் விரித்தும் காட்டாது, நெருக்கியும் காட்டாது. அதனால் ‘ஸ்டாண்டர்ட்’. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் இந்த ஒன்றையே வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார். இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கோ 1975இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்துக்காக, நாசாவுக்கென்று ஸைஸ் நிறுவனம் தயாரித்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்து, மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். 1.8இலிருந்து 1.4க்குப் போகவே விலை எகிறிவிடும். கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சத்துக்கு அந்தப் பணம் அதிகம் என்பது என் கட்சி.

வாங்கியதும் எல்லாரும் செய்வது, எதை எடுத்தாலும் 1.8இலேயே எடுத்துப் பின்னணியைக் குழைத்துவிடுவது. ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரை முழுச்சட்டக் கேமராவில் அப்படி எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் நாலு சென்டிமீட்டர்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். அண்மையில் உறவில் ஒரு கல்யாண ஆல்பம் வந்தது. அழகான படங்கள், பெண் மாப்பிள்ளை தவிர மற்றதெல்லாம் வெண்ணெய்போல உருகியிருந்தன. என் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “பின்னால நிக்கிறது யாருப்பா? ஈப்போ மாமா வந்தாரா இல்லையா?” அவர் கேட்டது நியாயம். நம் வீட்டுக் கல்யாணப் படத்தில் பின்னணி என்று ஒன்று கிடையாது. அங்கே நிற்பதெல்லாம் சொந்தம். தாலி கட்டும்போது எஃப் 4க்கு மூடிவிடுங்கள். மாமா பிழைத்துக்கொள்வார்.

1.8ஐ நான் வைத்திருப்பது வேறொன்றுக்கு. நம் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கங்களைப் பாருங்கள். எத்தனை படங்கள் அடையாள அட்டைக்காக எடுத்தவை! காது தெரிய, சிரிக்காமல், ஏதோ குற்றம் செய்தவரைப்போல. சில, குடும்பப் படத்திலிருந்து வெட்டியவை; தோளில் யாருடைய விரல்களோ ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா போனபோது எங்கள் வீட்டிலும் அலமாரிகளைக் கவிழ்த்துத் தேடியதில் கடைசியில் கிடைத்தது அப்படி ஒரு படம்தான். நாற்பது ஆண்டு சிரித்த மனிதர், சட்டத்துக்குள் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குக் கேமரா என்றால் ஆகாது. “இந்தக் கோலத்துலயா?” என்று முந்தானையால் முகத்தை மூடுவார். ஃபிளாஷ் மின்னாத, பெரிதாக நீளாத இந்தக் குட்டி லென்ஸ் வந்த பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனார். காலை எட்டு மணிக்கு அடுக்களைச் சன்னலோரம் முருங்கைக்கீரை ஆய்வார். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கன்னத்துச் சுருக்கங்களில் மெதுவாக இறங்கும். பேச்சுக்கொடுத்துக்கொண்டே எடுப்பேன். நூறு படம் இருக்கும். 4ஆர் அளவில் அச்சடித்துக் கொடுத்தபோது, ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். “இது நல்லா இருக்கு. இதையே வச்சுக்க.” எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கைப்பேசியிலேயே பின்னணி மங்குகிறதே என்று இளையர்கள் கேட்கலாம். அது கணக்குப் போட்டு மங்க வைப்பது. கலைந்த முடி, மல்லிகைச் சரத்தின் ஓரம், தோட்டின் தொங்கல் ஆகியவற்றில் அந்தக் கணக்கு அடிக்கடி தடுக்கி விழும்.

வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவின் சென்சார் அளவைப் பாருங்கள். பலரிடம் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார். அதில் 50 மி.மீ., 75 அல்லது 80போல நெருக்கிக் காட்டும். முகம் எடுக்க அருமை, நம் அடுக்களைக்குள் எடுக்கச் சிரமம். முதுகு ஐஸ்பெட்டியில் முட்டும். வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர்கள் அந்தக் கேமராவுக்கு 35 மி.மீ. வாங்குவது புத்திசாலித்தனம்.

புதிதாக வாங்க அவசியமில்லை, பழையதே தாராளமாகக் கிடைக்கிறது. கடையிலேயே லென்ஸின் பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, துணிப் பையில் போட்டு அலமாரிக்குள் தள்ளிய லென்ஸ்களில் அது சுலபமாக முளைத்துவிடும். ஈரப்பதத்தை 40, 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்பெட்டி விற்கிறார்கள். ஒரே ஒரு லென்ஸ் என்றால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும். என் டப்பா அம்மா முறுக்குக்காக வைத்திருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு திருப்பிக் கேட்பார்.